நீ எந்த நாட்டுப் பிள்ளை?

சென்ற வாரத்தில் ஒரு மாலைப் பொழுது. வெயில் தணிந்து, துறைமுகத்தின் பக்கமிருந்து காற்று மெல்ல எழுந்தது. லிங்கநகரில் எங்கள் வீட்டு விறாந்தையிற் சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு அடுத்த வளவுப் பையன் வந்தான். உயர்தர வகுப்பில் வாசிக்கிறவன், அடக்கமான பிள்ளை. கையில் இரண்டு தாள்கள் இருந்தன.

"மாஸ்டர், பள்ளிக்கூடத்திற் பேச்சுப் போட்டி. உலகம் ஒன்றாகி வரும் இக்காலத்திலே தேசிய அடையாளம் என்பது தலைப்பு. எழுதிவிட்டேன். ஒருக்காற் பார்த்துத் தருவீர்களா?" என்று ஒரு தாளை நீட்டினான். மற்றத் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வாசித்தேன். எழுத்துப் பிழை இல்லை. சந்திப் பிழை இரண்டொன்று. மேனாட்டு நாகரிகம் என்னும் பேரலை வந்து நமது பண்பாட்டை அடித்துச் செல்கின்றது என்றும், தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் நம்மைப் பிறருக்கு அடிமைகளாக்கிவிட்டன என்றும், விழித்தெழ வேண்டும் என்றும் எழுதியிருந்தான். வாசித்து முடித்து நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளை அணிந்திருந்த சட்டையிற் கொரிய எழுத்துக்கள் பெரிதாகப் பொறித்திருந்தன! எனக்குச் சிரிப்பு வந்தது. அவனும் குனிந்து தன் சட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டான்.

"தம்பி, பேச்சு நன்றாக இருக்கிறது, பரிசும் கிடைக்கலாம். ஆனால் இதிலே எழுதியிருப்பதை நீ நம்புகிறாயா?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "இல்லை மாஸ்டர். ஆனால் எதை நம்புவதென்றும் தெரியவில்லை" என்றான்.

இந்த விடை எனக்குப் பிடித்தது. அன்று இருட்டும்வரை நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருந்ததையே இவ்வாரம் வாசகர்களுக்குச் சொல்லப் போகின்றேன்.

"அலை என்று எழுதியிருக்கிறாய். நாம் அலைக்கு அஞ்சுகிற ஊரவர் அல்லரே!" என்று தொடங்கினேன். உலகம் ஒன்றாகி வருகிறது என்பதை ஏதோ நேற்று முளைத்த புதுமையென்று கொழும்பில் இருப்பவர் பேசலாம், திருகோணமலையார் பேசலாகாது. நமது துறைமுகம் ஆழமும் பாதுகாப்பும் ஒருங்கே வாய்ந்தது. அதனாலேயே கடலாண்ட வல்லரசுகள் அனைத்தும் இதன்மேற் கண் வைத்தன. 1620 ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டவர் வந்தனர். அவர்களுக்குப் பின் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1639 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தனர். 1672 இலும் 1782 இலும் பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1795 இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னும் 1957 ஆம் ஆண்டு வரை அவர்களுடைய கடற்படை இங்கேதான் தங்கியிருந்தது. 1942 ஏப்ரில் 9 ஆந் தேதி யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. இத்தனை கொடிகள் ஏறி இறங்கிய ஊர் இது. ஒவ்வொருவரும் தத்தம் நாவுக்கு இசைந்தபடி ஊரின் பெயரைத் திரித்து உச்சரித்தார்களே ஒழிய, பெயரை மாற்ற ஒருவராலும் இயலவில்லை.

பெயரைப் பற்றிச் சொல்லும்போது ஒரு கப்பலின் கதை நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்னுந் துறைமுகப் பட்டினத்திலே பழைய பாய்க்கப்பல் ஒன்று மிதந்துகொண்டிருக்கின்றது. இன்றும் நீரில் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் அதுவே மிகப் பழையது. அது கட்டப்பட்டது இங்கிலாந்தில் அன்று. 1817 ஆம் ஆண்டில் பம்பாயில். கட்டியவர்கள் வாடியா என்னும் பார்சிக் குடும்பத்துக் கப்பற் சிற்பிகள். மரம் இந்தியத் தேக்கு. கப்பலின் பெயரோ திருகோணமலை! 1782 இல் நமது கடலிலே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதிய போரின் நினைவாக இட்ட பெயர் அது. பிற்காலத்தில் அதனை வாங்கிப் பயிற்சிக் கப்பலாக்கியவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்தார்கள். பல பத்தாண்டுகள் அது அந்த வேற்றுப் பெயரோடு வாழ்ந்தது. 1987 இல் ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டுவந்து, இற்றுப்போன பலகைகளை அகற்றிப் புதுப்பலகை இட்டுச் செப்பனிடத் தொடங்கினர். 1992 இல் அதன் பழைய பெயரே மீண்டும் சூட்டப்பட்டது.

"இப்போது சொல், அந்தக் கப்பல் எந்த நாட்டுக் கப்பல்?" என்று பையனைக் கேட்டேன்.

"மரம் இந்தியா, கொடி இங்கிலாந்து, பெயர் எங்கள் ஊர்" என்றான்.

"மூன்றும் மெய்தான். ஒன்று மெய்யாவதற்கு மற்ற இரண்டும் பொய்யாக வேண்டியதில்லை. அதை மனத்தில் வைத்துக்கொள்" என்றேன்.

அடுத்து, கோணேசர் ஆலயத்தின் கதையைச் சொன்னேன். அது அவன் அறியாததன்று. ஆயினும் அவன் கேட்ட கேள்விக்கு விடையாக அதனை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. 1622 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் அவ்வாலயத்தை இடித்தார்கள். இடித்த கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினார்கள். இரட்டைக் கயல் பொறித்த தூணொன்றை இன்றும் கோட்டை வாயிலிற் காணலாம். வழிபட்ட மக்கள் சில விக்கிரகங்களை மண்ணுக்குள் மறைத்து வைத்தனர் போலும். மூன்று நூற்றாண்டுகள் கழிந்தன. 1950 ஆம் ஆண்டில் நகரசபைத் தொழிலாளர் கிணறு தோண்டுகையில் அவ்விக்கிரகங்கள் வெளிப்பட்டன. 1956 இல் மைக் வில்சன் என்பாரும் ஆர்தர் சி. கிளார்க் என்பாரும் மலையடிக் கடலில் மூழ்கி, அங்கே கிடந்த தூண்களையும் சிற்பக் கற்களையும் கண்டார்கள். கடலடியிலிருந்து கிடைத்த இலிங்கம் ஆலயத்திலே சேர்க்கப்பட்டது. ஊர் மக்கள் பொருளுதவி செய்து கோயிலை மீளக் கட்டினார்கள். 1963 மார்ச் 3 ஆந் தேதி கும்பாபிஷேகம் நடைபெற்றது.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. இன்று உலகத்தின் ஒரு மூலையிற் பேசுவது மறுமூலையில் அந்தக் கணமே கேட்கிறது; வானத்தில் ஓரிடத்தில் நிலைத்து நிற்பவை போலச் சுழலும் செய்மதிகள் அதற்கு ஒரு காரணம். அவற்றைக் கொண்டு செய்தித் தொடர்பு நடத்தலாம் என்று 1945 ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியவர் அதே கிளார்க்தான். உலகத்தைச் சிறிதாக்க வழி சொன்ன மனிதரே நமது கடலுக்குள் மூழ்கி, நாம் இழந்த கோயிலின் கல்லையும் பார்த்தார். அவர் ஆங்கிலேயர், எனினும் இந்நாட்டிலே குடியேறி 2008 இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார்.

"ஆகவே, தம்பி, அந்நியர் வருகிறார் என்பதனால் மாத்திரம் அடையாளம் அழிவதில்லை. இடித்தவரும் அந்நியர், தேடிக் கண்டவரும் அந்நியர். ஒருவர் வாளோடு வந்தார், மற்றவர் ஆவலோடு வந்தார். ஆனால் ஒன்றைக் கவனி. விக்கிரகத்தைப் புதைத்தவர்கள் நம்மவர்கள். மீண்டபோது இது நம்முடையது என்று அடையாளம் கண்டு கையெடுத்தவர்களும் நம்மவர்களே. நடுவில் நின்ற முந்நூறு ஆண்டும் அந்தப் பாட்டையும் பெயரையும் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லாதிருந்தால், கிணற்றில் வந்தவை வெறும் செம்புப் பொம்மைகளாகவே போயிருக்கும்."

பையன் உற்சாகமடைந்தான். "அப்படியானால் நான் எங்கே போனாலும், எந்தச் சட்டை போட்டாலும், மனத்தில் நினைவிருந்தாற் போதும். அப்படித்தானே மாஸ்டர்?"

"அவசரப்படாதே" என்றேன். இந்த இடத்தில்தான் பேச்சு மேடையில் நிற்பவர்கள் கைதட்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். உண்மையான சிக்கல் இதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

எங்கள் பகுதியில் இருந்த ஒரு குடும்பத்தின் செய்தியைச் சொன்னேன். 1990 ஆம் ஆண்டுப் போர்க் காலத்தில் அண்ணனும் தம்பியும் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். அண்ணன் எப்படியோ கனடாவிற்குச் சென்று சேர்ந்தார். தம்பி மன்னாரிற் படகேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமிற் பதிந்து, பின்னர்த் தமிழ்நாட்டில் வேறொரு முகாமில் வாழலானார். இன்று இருவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கின்றார்கள்.

அண்ணனின் பேத்தி தொரன்ரோவிற் பிறந்தவள். பிறந்த அன்றே கனடா நாட்டுப் பிரஜை. கடவுச்சீட்டைக் காட்டினால் உலகத்தில் எத்தனையோ நாடுகளின் கதவுகள் தாமே திறக்கும். போன ஆவணி விடுமுறைக்கு வந்து கோணேசர் கோயிலில் நின்றபோது அந்தப் பிள்ளைக்குத் தன் பூட்டியோடு ஒரு வார்த்தை பேச இயலவில்லை. பூட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிள்ளையும் அழுதது. இருவர் அழுகைக்கும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. ஆயினும் பூட்டி சொல்ல விரும்பிய கதை சொல்லப்படாமலே போயிற்று.

தம்பியின் பேரன் தமிழ்நாட்டு முகாமிற் பிறந்தவன். அவன் பேசுவது தமிழ், படிப்பது தமிழ், அவனைச் சுற்றிக் கோடிக்கணக்கான தமிழர்கள். 2021 இல் தமிழ்நாட்டு அரசு அகதிகள் முகாம் என்ற பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்றும் ஆக்கிற்று. ஆனால் அவன் இந்தியப் பிரஜை அல்லன். 1987 யூலை 1 ஆந் தேதிக்குப் பின் இந்திய மண்ணிற் பிறந்தவர்க்கு, பிறப்பு மாத்திரம் அவ்வுரிமையைத் தராது. 2019 ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையிலிருந்து சென்றோர் சேர்க்கப்படவில்லை. சரி, இலங்கைப் பிரஜையா என்றால், சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகர் காரியாலயத்திற் பிறப்பைப் பதிந்தாலன்றி அதுவும் உறுதியாகாது. மொழியுண்டு, பண்பாடுண்டு, கோயிலுண்டு; கையிற் கடதாசி இல்லை.

"ஒருத்திக்குக் கடதாசி இருக்கிறது, மொழி இல்லை. மற்றவனுக்கு மொழி இருக்கிறது, கடதாசி இல்லை. இருவரும் திருமலைப் பேரப்பிள்ளைகள். யாரைப் பார்த்து இரக்கப்படுவாய்?"

பையன் மறுமொழி சொல்லவில்லை.

கடதாசி தானே என்று இளக்காரமாக எண்ணுவோர் நமது நாட்டின் கதையையே மறந்தவர்கள். 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டு! தேயிலையும் இறப்பரும் விளைத்து இந்நாட்டிற்குச் செல்வம் தேடித் தந்த மலையகத் தமிழ் மக்களிற் பெரும்பாலோர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்களித்துத் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள் அடுத்த தேர்தலில் வாக்கை இழந்தார்கள். 1964 ஒக்டோபர் 30 ஆந் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர் கணக்கிடப்பட்டனர்: 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்பு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 1974 இல் அந்த எஞ்சியோரையும் சரிபாதியாக, 75,000 பேர் வீதம், இரு நாடுகளும் பங்கிட்டன. மனிதரைப் பற்றிய கணக்கா, கொப்பறா மூட்டைகளைப் பற்றிய கணக்கா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? இந்தச் சிக்கல் முற்றாகத் தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியா, திருகோணமலை முதலிய மாவட்டங்களிற் குடியேறியோர் பலர். அந்தக் குடும்பங்களிலே பிறந்த பிள்ளைகள் இன்று நம் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். தேசிய அடையாளம் எதற்கு என்று அவர்களுடைய தாத்தாவிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். பிறந்த மண்ணிலே, நீ இந்நாட்டவன் அல்லன் என்று சொல்லக் கேட்ட மனிதருக்கு அதன் அருமை தெரியும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த பையன் திடீரென்று நிமிர்ந்தான். அவன் குரலிலே அதுவரை இல்லாத ஒரு சூடு இருந்தது.

"மாஸ்டர், எனக்குக் கடதாசியும் உண்டு, மொழியும் உண்டு. ஆனால் போன மாதம் அம்மாவுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. முழுவதும் சிங்களம். அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று வீடு ஏறி இறங்கினா. வாசித்துச் சொல்ல ஆளில்லாமற் குறித்த நாளும் கடந்துவிட்டது. அப்பா கட்டாரிலே இருக்கிறார். அங்கேயும் அவருக்குத் தெரியாத மொழி, இங்கேயும் அம்மாவுக்குத் தெரியாத மொழி. இது என்னுடைய நாடு என்று நான் எப்படி மேடையில் நின்று சொல்லுவது?"

வாசகர்களே, இதற்கு உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கும் சில கேள்விகளின் முன் வாயடைத்துப் போகும்.

"நியாயம் உன் பக்கத்தில் இருக்கிறது" என்றுதான் முதலிற் சொன்னேன். 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. 1988 இல் பதினாறாம் திருத்தம் அதனை மேலும் விரித்தது. நாட்டின் எந்த மூலையிலும் தமிழில் எழுதித் தமிழிலே மறுமொழி பெறும் உரிமை ஏட்டில் இருக்கிறது. தேசிய கீதத்தையே எடுத்துக்கொள். ஆனந்த சமரக்கோன் இயற்றியதைப் புலவர் மு. நல்லதம்பி தமிழாக்கினார். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் அந்தத் தமிழ் வடிவமே அச்சாகியிருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களிலும் அதனைத்தான் பாடுகிறோம். ஆயினும் கொழும்பிலே சுதந்திர தின விழாவில் அது தமிழில் ஒலிக்க நெடுங்காலம் காத்திருந்து 2016 பெப்ரவரி 4 வர வேண்டியிருந்தது. 2020 இல் மறுபடி நின்றது. ஒரே மெட்டு, ஒரே பொருள். ஒரு தாயை இரண்டு பிள்ளைகள் தத்தம் மழலையில் அழைத்தால் தாய் துண்டாகிவிடுவாளா?

"கேள், தம்பி. நாட்டின் மேல் உனக்குள்ள கோபம் நியாயமானது. ஆனால் யாருக்குக் கோபம் வரும்? அயல் வீட்டில் அநியாயம் நடந்தால் நாம் விசனப்படுவோம்; நம் வீட்டில் நடந்தால்தான் கோபப்படுவோம். இது உன் நாடு அன்று என்று நீ மெய்யாக நினைத்திருந்தால், அந்தக் கடிதத்தைப் பார்த்து உனக்கு இவ்வளவு கோபம் வந்திராது."

அவன் முகத்தில் ஒரு மாற்றம் தெரிந்தது. நான் எழுந்து உள்ளே போய்க் காகிதமும் பேனாவும் கொண்டுவந்தேன். அந்த அலுவலகத்திற்கு ஒரு கடிதம் எழுதினோம். மரியாதையாக, தெளிவாக, தமிழில். அரசகரும மொழியிலே மறுமொழி கோரினோம். தவறிய நாளுக்கு மாற்று நாளும் கேட்டோம். எழுதியவன் அவன், ஒற்றுப் பிழை திருத்தியது மாத்திரம் நான்.

"இன்னொன்றும் சொல்வேன், கோபிக்கக் கூடாது. சிங்களமும் படி. உன் உரிமையை விட்டுக்கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை. உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு படி. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நம் மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேர் முஸ்லிம்கள், முப்பது பேர் தமிழர், இருபத்தேழு பேர் சிங்களவர். இங்கே எவரும் தனித்துப் பெரும்பான்மை இல்லை. எவரும் மற்றவரைக் கேளாமல் இது என் ஊர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. எங்கள் ஊர் என்றுதான் சொல்ல வேண்டும். இலங்கை என்ற அடையாளத்தை ஒரு மொழிக்குள்ளும் ஒரு மதத்துக்குள்ளும் அடைக்கப் பார்த்ததனாலேதான் இவ்வளவு இரத்தம் சிந்தினோம். திருமலையைப் போல அதனை விரித்துப் பார்த்தாற்றான் அது எல்லார்க்கும் பொருந்தும்."

2022 ஆம் ஆண்டை அவனுக்கு நினைவூட்டினேன். அவ்வாண்டு ஏப்ரிலில் நாடு தன் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று அறிவித்தது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. கடவுச்சீட்டு அலுவலகத்தின் வாசலிலோ இரவு பகலாக வரிசை. அந்த வரிசையிலே தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருவர் பின் ஒருவராக நின்று, ஒரே போத்தலிலிருந்து தண்ணீர் குடித்தார்கள். நாட்டை விட்டுப் போவதற்காக நின்ற இடத்திலே ஒரு நாட்டு மக்களாக நின்றார்கள் என்பது எவ்வளவு விசித்திரம்!

உலகம் ஒன்றாகிறது என்றால் எல்லாரும் சமமாகிறார்கள் என்று பொருளன்று. இதற்கும் நமது ஊரே சான்று. ஆங்கிலேயர் சீனன்குடாவை அடுத்துக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள் தொண்ணூற்றொன்பது இன்றும் காட்டுக்குள் நிற்கின்றன. 2003 இல் அவை இந்திய எண்ணெய்க் கம்பனிக்குக் குத்தகைக்குச் சென்றன. 2022 சனவரியிற் புதிய ஒப்பந்தம்: 14 தாங்கிகள் அக்கம்பனிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு, அதில் இலங்கைக்கு நூற்றுக்கு 51 பங்கு. வெளியார் முதலீடு வேண்டாம் என்று கதவடைப்பது பேதைமை. என்ன விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு, ஊராருக்கு என்ன பயன் என்று கேளாதிருப்பது அதைவிடப் பேதைமை. அப்படிக் கேட்பதற்கு, இது எங்கள் துறைமுகம் என்று சொல்லும் மக்கள் வேண்டும். தேசிய அடையாளத்துக்கு விழா நாளில் மட்டுமன்று, ஒப்பந்த நாளிலும் வேலை உண்டு.

இருட்டத் தொடங்கிவிட்டது. பிள்ளையின் தாய் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தம்பி, மாஸ்டரைத் தொந்தரவு செய்யாமல் வா" என்றா. அவன் எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த இரண்டாவது தாளை மெல்ல எடுத்தான்.

"மாஸ்டர், இதையும் ஒருக்காற் பாருங்கள். மாமா கனடாவிலிருந்து அனுப்பியது. அங்கே படிக்க விண்ணப்பம். அச்செடுத்துப் பென்சிலால் நிரப்பியிருக்கிறேன். பிழை இருந்தாற் சொல்லுங்கள்."

பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் எல்லாம் சரியாக இருந்தன. நாட்டினம் என்ற இடத்தில் இலங்கையர் என்று இருந்தது. முதன்மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று எழுதியிருந்தான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. விரலை மட்டும் அந்த இடத்தில் வைத்தேன்.

"அப்படி எழுதினால் இலகுவாகக் கிடைக்கும் என்று சிநேகிதன் சொன்னான்" என்றான், தலையைக் குனிந்தபடி.

போகாதே என்று அவனுக்குச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தகப்பன் பாலைவன வெயிலில் உழைக்கிறார்; பிள்ளை படித்து முன்னேற வேண்டும். இரு நாட்டிலும் பிரஜையாயிருக்க 1987 ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்திருக்கிறது. அத்தகையோர் பாராளுமன்றத்தில் அமரலாமா என்பதில் மாத்திரம் நாடு தடுமாறியது: 2015 இல் ஆகாது என்றார்கள், 2020 இல் ஆகும் என்றார்கள், 2022 இல் மீண்டும் ஆகாது என்றார்கள். அது பெரியவர்களின் வழக்கு. இந்தப் பிள்ளைக்கு வேண்டியது வேறு.

"தம்பி, கணியன் பூங்குன்றனாரைத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? எல்லா ஊரையும் தன் ஊராகக் கொண்டவர். என் பேச்சின் முடிவிலும் அவர்தான் வருகிறார்."

"அவர் பெயரைக் கவனித்தாயா? உலகமெல்லாம் தன் ஊர் என்று பாடிய மனிதருடைய பெயரிலேயே அவர் பிறந்த ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூங்குன்றம் என்பது இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி என்பார்கள். இரண்டாயிரம் ஆண்டாகியும் அந்தச் சிற்றூர் அவரை விட்டுப் போகவில்லை. அவரும் அதை விடவில்லை. தன் ஊரை உடையவனுக்குத்தான் எல்லா ஊரையும் உறவாக்கிக்கொள்ளத் தெரியும். ஓரூரும் இல்லாதவனுக்கு எல்லா ஊரும் தங்குமடமே."

பையன் சிறிது நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "மாஸ்டர், வீட்டில் அழிறப்பர் இருக்கிறதா?" என்று கேட்டான்.

எடுத்துக் கொடுத்தேன். அழித்தான், தமிழ் என்று எழுதினான். ஆங்கில விண்ணப்பமாதலால் ஆங்கில எழுத்தில்தான் எழுதினான். ஆயினும் எழுதியது தமிழ் என்பதே. பேச்சின் முதற் பக்கத்தையும் என்னிடமிருந்து வாங்கி, பேரலை என்ற வரியைக் குறுக்கே கீறிவிட்டான். அந்த இடத்தில் என்ன எழுதப் போகிறாய் என்று கேட்டேன். "அந்தக் கப்பலின் கதையை எழுதப் போகிறேன். அம்மாவுக்கு வந்த கடிதத்தையும் எழுதுவேன்" என்றான்.

பரிசு கிடைக்குமோ தெரியாது. கடிதத்தைப் பற்றிச் சொல்லுகிற பேச்சுக்கு நடுவர்கள் எத்தனை புள்ளி போடுவார்களோ அதுவும் தெரியாது. ஆனால் அவன் படலையைச் சாத்திவிட்டுப் போகும்போது, வந்தபோதிருந்த பிள்ளையாக இருக்கவில்லை.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகளுள் ஒருவர் நாளை விமானமேறுவார். இன்னொருவர் ஊரிலேயே இருப்பார். இருவருக்கும் கொடுத்தனுப்ப வேண்டியவை ஒன்றே. பிறப்புப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்துக் கொடுங்கள். அதன் அருமை இழந்தவர்க்கே தெரியும். பூட்டியின் கதையைப் பூட்டியின் மொழியிலே சொல்லிக் கொடுங்கள். அயல் வீட்டாரின் மொழியையும் பழக்குங்கள். அநியாயம் கண்டால் மரியாதையாகக் கடிதம் எழுதவும் பழக்குங்கள். கொரிய எழுத்துப் பொறித்த சட்டையைப் பற்றி மட்டும் கவலைப்பட வேண்டாம். அது இரண்டு மழையில் வெளுத்துவிடும்.